ஹட்டன்ல இருந்து மட்டக்களப்புக்கு வந்த தங்கச்சிக்கு: இங்க எந்தக் காலத்தில எதைச் சமைக்கிறது

தங்கச்சி, நீங்க எழுதினதைச் சுருக்கிச் சொன்னா இதுதான். ஹட்டன்ல இருந்து இடமாற்றத்தில மட்டக்களப்புக்கு வந்திருக்கிறீங்க, வீட்டில நீங்களும் அவரும் ஒரு சின்னப் பிள்ளையும். அங்க கைக்குப் பழகின லீக்ஸ், போஞ்சி, கரட், கோவா எல்லாம் இங்க வாடி வதங்கித்தான் வருது, விலையும் கூட, மழை தொடங்கினா அதுவும் ஒழுங்கா வராது எண்டு பக்கத்து வீட்டில சொல்லி இருக்கிறாங்க, அதனால எந்த மாசம் என்ன உள்ளூர்ச் சாமான் கிடைக்கும், அதை எப்பிடி ஆக்குறது எண்டு ஒரு பட்டியல் வேணும். கூடவே மூண்டு சந்தேகம் கேட்டிருக்கிறீங்க: நிலவு காலத்தில நண்டுல சதை இருக்காதா, மரவள்ளியும் இஞ்சியும் சேரக் கூடாதா, குறிஞ்சா இலை சாப்பிட்டா உங்கட மாமியாருக்கு இருக்கிற சீனி வருத்தம் குறையுமா. எனக்கு விளங்கின மட்டில நீங்க உண்மையா கேக்கிறது பட்டியல் இல்லை, தம்புள்ளச் சந்தையில இருந்து மரக்கறி கொண்டு வாற லொறிய நம்பாம இந்த ஊர்ச் சாமானை வச்சு வருசம் முழுக்க ஒரு குசினிய நடத்த ஏலுமா எண்டுதான். ஏலும். நல்லா ஏலும்.

நான் பிறந்தது வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரை, கலியாணம் முடிச்சு வந்தது கிழக்கால இருக்கிற எழுவான்கரை, பள்ளிக்கூடத்தில மனைப்பொருளியல் படிப்பிச்சு இப்ப பென்ஷன்ல இருக்கிறன். ஏறாவூர்ல இருந்து களுவாஞ்சிகுடி வரைக்கும் வாவியின்ட ரெண்டு கரையிலயும் என்ன விளையுது, என்ன பிடிபடுது, வீடுகள்ல அதை எப்பிடி ஆக்குறாங்க எண்டது எனக்குத் தெரியும். அக்கரைப்பத்து, திருக்கோவில் பக்கம் சொந்தக்காரர் இருக்கிறதால அதுவும் ஓரளவு தெரியும், அதுக்கு அங்கால பொத்துவில், பாணமைச் சமையலைப் பற்றி அந்த ஊர்ச் சனம்தான் சொல்லோணும். நான் வைத்தியரும் இல்லை, அதனால வருத்தம் சம்பந்தமா சொல்ற இடத்தில ஒரு எல்லையோட நிப்பன்.

மாசப் பட்டியல் போட்டா அது ஒரு வருசத்துக்குச் சரி வரும், அடுத்த வருசம் மழை பிந்தினா எல்லாம் பிழைச்சுப் போகும். இங்க சாப்பாட்டை நடத்துறது தண்ணிதான். மழை விழுந்திட்டா, வாவி கடலோட சேர்ற முகத்துவாரம் வெட்டியாச்சா, வயல்ல தண்ணி நிக்குதா வடிஞ்சிட்டா, குளம் வத்துதா, இதைப் பாத்தாலே சந்தையில என்ன இருக்கும் எண்டு வீட்டில இருந்தே சொல்லலாம். உங்களுக்கு இது முதல்ல தலைகீழாத் தெரியும். ஹட்டன்ல மே மாசத்தில இருந்து செப்டம்பர் வரைக்கும் கொட்டு கொட்டெண்டு கொட்டும், இங்க அந்த நேரம்தான் மண்ணெல்லாம் வெடிச்சுக் கிடக்கும். தென்மேல் பருவக்காத்து உங்கட மலையில ஏறி மழைய அங்கயே விட்டிட்டு, ஈரம் போன வெறுங்காத்தா இந்தப் பக்கம் இறங்கி வருது, இறங்க இறங்கச் சூடாகுது, அதைத்தான் நாங்க கச்சான் காத்து எண்டு சொல்றம். பிறகு ஒக்டோபர்ல மழை தொடங்கி, அதுக்குப் பின்னால வடகீழ் பருவக்காத்தும் வந்தாத்தான் எங்களுக்கு மாரி, வருசத்து மழையில அரைவாசிக்கு மேல ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில விழுந்திரும், அதிலயும் நவம்பரும் டிசம்பரும்தான் பெரிய மழை. அதனால எங்கட வருசத்தை மாரி, அறுவடை, கோடை, கச்சான் எண்டு நாலு துண்டாப் பிரிச்சு வச்சுக்கொள்ளுங்க, காணும்.

சாமான் மாறும், கை மாறாது. இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த பெரிய விசயம். இங்க ஒரு வீட்டுச் சமையல் அஞ்சு கைப்பழக்கத்தில நடக்கும்: சுண்டல், பாற்கறி, புளியாணம், சம்பல், பிரட்டல். இந்த அஞ்சும் கைக்கு வந்திட்டா சந்தையில பேர் தெரியாத இலைய, கிழங்கைப் பாத்துப் பயப்படத் தேவையில்லை, இது எந்தக் கைக்குச் சேரும் எண்டு மட்டும் விக்கிறவகிட்டக் கேளுங்க. சுண்டல் எண்டு நாங்க சொல்றது இலைய, காயப் பொடியா வெட்டி தேங்காய்ப்பூ போட்டுக் கிண்டி இறக்குறது. ஒரு பெரிய கட்டுக் கீரைக்கு சின்ன வெங்காயம் ஏழெட்டு, பச்சைக் கொச்சிக்காய் ரெண்டு, ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, மஞ்சள், உப்பு. கழுவின ஈரமே காணும், தனியாத் தண்ணி விட வேண்டாம், மூடவும் வேண்டாம், மூடினா பச்சை நிறம் போயிரும். நல்ல நெருப்பில மூண்டு நாலு நிமிசம், கடைசியில தேங்காய்ப்பூவப் போட்டு ஒரு கிண்டு கிண்டி இறக்கி, அடுப்பால எடுத்த பிறகுதான் தேசிக்காய்ப்புளி. தேசிக்காய் ருசிக்கு மட்டும் இல்லை, கீரையில இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுக்கிறதுக்கு அதில இருக்கிற விற்றமின் சி உதவும், இதில சந்தேகமே இல்லை, பிள்ளை இருக்கிற வீட்டில இதை விட வேண்டாம்.

பாற்கறிக்கு ரெண்டாம் பாலில காயை அவிச்சு, முதற்பாலைக் கடைசியில விட்டு, ஒரு கொதி வாற நேரம் இறக்கணும், கொதிக்க விட்டா திரைஞ்சு போகும். புளியாணம் உங்களுக்குப் புதுசா இருக்காது, வீட்டில ரசம் வச்சுப் பழகின கைதானே. பழப்புளியக் கரைச்சு, மிளகு, நற்சீரகம், உள்ளி தட்டிப் போட்டு, வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளிச்சுக் கொதிக்க விடுறது, எங்கட வீட்டில சின்ன மீன் நாலு கிடந்தா அதையும் அதுக்குள்ள போட்டிருவம். சில வீடுகள்ல கொஞ்சம் பால் விடுவாங்க, சில வீடுகள்ல விட மாட்டாங்க, ரெண்டும் சரிதான். சம்பல் உங்களுக்குத் தெரியும். பிரட்டல் எண்டது தண்ணி வத்தி கறித்தூள் சாமானோட ஒட்டிப் பிடிக்கிற வரைக்கும் சிறு நெருப்பில பிரட்டி எடுக்கிறது, இறைச்சி, இறால், கருவாடு, கத்தரிக்காய் எல்லாத்துக்கும் வரும்.

இப்ப மாரிக்கு வாறன், ஏனெண்டா உங்களுக்குப் பயம் அதில்தான். மழை விழுந்து கொஞ்ச நாளிலயே வேலி, வளவு, ரோட்டோரம் எல்லாம் பச்சை பிடிச்சிரும், மலைநாட்டு மரக்கறி விலை ஏறுற அதே நேரத்தில இங்க இலை ஆகக் கூடக் கிடைக்கும். வல்லாரை, பொன்னாங்காணி, கங்குங், குப்பைக்கீரை, சாரணை, முசுட்டை, குறிஞ்சா, முருங்கை இலை, தூதுவளை. படுவான்கரைப் பெண்டுகள் விடியக் காலமை கட்டுக் கட்டாக் கொண்டு வருவாங்க. 2014ல மண்முனைப் பாலம் திறந்த பிறகு தோணிக்கு நிண்டு மினக்கெடத் தேவையில்லாம பஸ்ஸிலயே சந்தைக்கு வந்திருது, முந்தியெல்லாம் மழைக்காலத்தில அந்தக் கரைச் சாமான் இந்தக் கரைக்கு வந்து சேர்றதே பெரும்பாடு. காலையில எட்டு மணிக்கு முன்னம் போனீங்களெண்டா நல்ல இலையாப் பாத்து எடுக்கலாம், பின்னேரம் மிஞ்சி இருக்கிறதை வாங்காதீங்க, மாரியில கட்டின இலை கெதியா அவிஞ்சு போகும்.

இதில முதல்ல பழக வேண்டியது முருங்கை இலை. சுண்டினாலும் நல்லது, பருப்புக்குள்ள போட்டாலும் நல்லது, நண்டுக் கறி இறக்கப் போற நேரம் ஒரு பிடி போட்டா அந்த வாசத்துக்கே சோறு இறங்கும். முருங்கை இலைச் சுண்டலுக்குள்ள கூனியப் போட்டுப் பாருங்க. கூனி எண்டா சின்னஞ்சிறு இறால் காயவச்சது, கல்லும் மண்ணும் இருக்கும், அரிச்சுக் கழுவி, வெறுஞ்சட்டியில வறுத்து, அதுக்குப் பிறகு இலையோட சேக்கணும். வல்லாரைய பச்சையாச் சம்பல் போடுறது வழமை, அதுக்கு மட்டும் ஒரு கண்டிப்பு: வெள்ளம் நிண்ட இடத்து இலையெண்டா பச்சையாச் சாப்பிட வேண்டாம். வெள்ளத்தில மலசலகூடக் குழியும் நிரம்பி, கிணறும் நிரம்பி எல்லாம் ஒண்டாத்தான் ஓடும், உப்புத்தண்ணியில போட்டு வச்சா எல்லாம் போயிரும் எண்டு சொல்றதை நம்பி நெருப்புக்காய்ச்சலை (டைபொயிட்) வீட்டுக்குள்ள எடுக்க ஏலாது. அந்த நாட்கள்ல வல்லாரையையும் சுண்டியே சாப்பிடுங்க. காளானும் மழையோட வரும். சின்ன வயசில இருந்து அதைப் பொறுக்கிப் பழகின ஆள் கையால தந்தா வேற கதை, நீங்களாப் பொறுக்க வேண்டாம், வெள்ளிக் கரண்டி கறுக்குதா, உள்ளி நிறம் மாறுதா எண்டு பாத்து விசக்காளானைக் கண்டுபிடிக்கலாம் எண்டது முழுப் பொய்.

குறிஞ்சா கைக்கும். பிள்ளை சாப்பிட மாட்டாது, நீங்களும் முதல் நாள் முகத்தைச் சுளிப்பீங்க. புகையிலை வெட்டுற மாதிரி நூல் நூலா அரிஞ்சு, தேங்காய்ப்பூ வழமையிலும் பாக்கக் கூடப் போட்டு, கொஞ்சம் மாசிக் கருவாடு இடிச்சுச் சேத்துச் சுண்டினா அந்தக் கைப்புத்தான் ருசியாத் தெரியத் தொடங்கும். சீனி வருத்தத்துக்கு நல்லது எண்டு இங்க எல்லாரும் சொல்வாங்க, நானும் கேட்டுத்தான் வளந்தன். குறிஞ்சா எண்டு விக்கிறது ஒரே செடி இல்லை எண்டதையும் யோசிக்கணும், அதோட சாப்பாட்டில ஒரு சுண்டலாச் சாப்பிடுற அளவுக்கு சீனி எவ்வளவு இறங்கும் எண்டு சொல்ல என்னட்ட ஆதாரம் இல்லை. இலைக்கறி எந்த வகையா இருந்தாலும் சீனி வருத்தக்காரருக்கு நல்ல சாப்பாடு எண்டது உறுதி. ஆனா குறிஞ்சா சாப்பிடுறம் எண்டு கிளினிக் குளிசைய நிப்பாட்டினா அது ஆபத்து, உங்கட மாமியாருக்கு வருத்தம் இருக்கு எண்டு எழுதினதால இதை அழுத்திச் சொல்றன்.

மாரியில கடல் கொந்தளிக்கும், வாடைக்காத்துக்குத் தோணி, போட் போகாத நாள் கனக்க வரும், கடல் மீன் குறையும், விலை கூடும். அந்த நேரம் எங்களுக்குச் சோறு போடுறது வாவி. ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிற வாவியில வெள்ளம் நிரம்பினா, கோடையில மண் மூடின முகத்துவாரத்தை வெட்டி விடுவாங்க, வெள்ளம் கடலுக்கு ஓடும். இறால் குஞ்சு வாவிக்குள்ளதான் வளரும், வளந்த இறால் முட்டை போடக் கடலுக்குப் போகும், அந்த ஓட்டத்தில இறங்குற இறாலைத்தான் வலை போட்டுப் பிடிக்கிறாங்க. முகத்துவாரம் வெட்டினதாம் எண்டு கேள்விப்பட்டா இறால் விலையைப் போய்ப் பாருங்க. தலை கழண்டு தொங்காம இறுக்கமா இருக்கணும், தலையும் உடம்பும் சேர்ற இடம் கறுத்திருக்கக் கூடாது, அமோனியா மாதிரி மூக்கில அடிச்சா விட்டிட்டு வாங்க. இறால் நாலஞ்சு நிமிசத்தில வெந்திரும், நிறம் மாறிச் சுருண்டதும் இறக்கணும், அதனால கத்தரிக்காயோ முருங்கைக்காயோ பூசணிக்காயோ எதோட போடுறதெண்டாலும் காயை முக்கால் பதத்துக்கு அவிச்சிட்டு அதுக்குப் பிறகு இறாலைப் போடுங்க. தலைய எறியாதீங்க, கழுவி இடிச்சுத் தண்ணியில அவிச்சு வடிச்சு அந்தத் தண்ணியில சொதி வையுங்க. பிள்ளைக்கு இறால், நண்டு புதுசெண்டா முதல் நாள் ஒரு சின்னத் துண்டு பகல் நேரத்தில குடுங்க, சொறி, உதடு வீக்கம், வாந்தி, மூச்சு இழுக்கிறது எது வந்தாலும் மினக்கெடாம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.

நண்டுக் கதை. தண்ணி நண்டு எண்டு நாங்க சொல்றது உண்மையாவே இருக்கு. நண்டு வளரேக்க ஓட்டைக் கழட்டிப் புது ஓடு போடும், புது ஓடு பெரிசு, உள்ளுக்குச் சதை அந்த அளவுக்கு வளந்திருக்காது, இடையில தண்ணிதான். இது நிச்சயம். ஓடு கழட்டுறது நிலவோடதான் நடக்குதா எண்டதில மீன் பிடிக்கிற ஆக்களுக்குள்ளயே ஒருத்தர் ஒரு மாதிரிச் சொல்வார், அதனால நிலவைப் பாக்கிறதை விட நண்டைப் பாருங்க. கையில எடுத்தா சைசுக்கு மிஞ்சின பாரம் இருக்கணும், வயித்துப் பக்கமும் காலும் அமத்தினா அமுங்கக் கூடாது. முட்டையோட இருக்கிற நண்டை வாங்காம விடுங்க, அது நான் கேட்டுக்கொள்றது, வாவி எல்லாருக்கும் வேணும்.

தை பிறந்து மழை விட்டா ஊர் வாசமே மாறிரும். பெரும்போக வெட்டுத் தொடங்கி மாசி, பங்குனி மட்டும் போகும், புது அரிசி வரும். புது அரிசி தண்ணி குறையக் குடிக்கும், பழைய அரிசிக்கு விடுற அளவு விட்டா குழைஞ்சு போகும், பொங்கலுக்கு அது நல்லது, சோத்துக்கு நல்லமில்லை. பிட்டுக்கு புது அரிசி மா எடுத்தா நல்லா வறுத்து, தண்ணியத் தெளிச்சுத் தெளிச்சுக் குழைக்கணும், இல்லாட்டி கட்டி கட்டியா நிக்கும். மழை முடிஞ்ச கையோட மேச்சல் தரையில புல் நிறைஞ்சிருக்கும், எருமைப்பால் கூடும், தயிர் மலியும். சட்டியில உறைய வச்ச தயிர் கட்டியா இருக்கிறது மண்சட்டி தண்ணியக் குடிக்கிறதாலயும், எருமைப்பாலில கொழுப்புக் கூட இருக்கிறதாலயும்தான். சூட்டோட பிட்டு, அதுக்கு மேல தயிர், ஒரு வாழைப்பழம், கொஞ்சம் சீனி இல்லாட்டி சக்கரை. இதைச் சாப்பிட்டாத்தான் மட்டக்களப்புக்கு வந்து சேந்ததா அர்த்தம் எண்டு நான் நினைக்கிறன். இந்த மாசங்கள்லதான் சேனைச் சோளன், பூசணி, வத்தாளங்கிழங்கு, பனங்கிழங்கு எல்லாம் ரோட்டுக்கு வரும். பூசணியத் தோலோட பெரிய துண்டா வெட்டி, கடுகும் தேங்காய்ப்பூவும் அரைச்சுப் போட்டுப் பாற்கறி வையுங்க, பிள்ளை கரட்டைத் தேடாது.

வெயில் ஏறத் தொடங்கினா கடல் அடங்கிரும், சித்திரையில இருந்து புரட்டாதி மட்டும் கிழக்குக் கரையில மீன் காலம். கீரி, சூடை, பாரை, சூரை, அறுக்குளா. சின்ன மீன்தான் குடும்பத்துக்கு லாபம், முள்ளோட சாப்பிடுற கீரி, சூடையில கல்சியமும் இருக்கு, விலையும் குறைவு. மாங்காய்க் காலமும் இதுதான், பழப்புளிக்குப் பதிலா மாங்காய்த் துண்டு போட்டு வைக்கிற மீன் ஆணத்துக்கு வேற ஒண்டும் தேவையில்லை. சூரை, அறுக்குளா, கும்பளா போல மீனை வாங்கேக்க மட்டும் கவனம்: வெயில்ல ஐஸ் இல்லாமக் கிடந்தா அதில ஹிஸ்டமின் எண்டு ஒரு பொருள் கூடும், அதை எவ்வளவு கொதிக்க வச்சாலும், பொரிச்சாலும் போகாது, சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில முகம் சிவந்து, தலையிடிச்சு, சொறிஞ்சு வாந்தி வரும். வாங்கின உடனே வீட்டுக்குக் கொண்டு போங்க, வழியில வேற வேலைக்கு இறங்காதீங்க. வயிறு பந்து மாதிரி ஊதுற பேத்தை மீனை ஆர் சும்மா தந்தாலும் வேண்டாம். அதின்ட நஞ்சும் சமைச்சாப் போகாது, ஆளைக் கொல்லும்.

பங்குனி, சித்திரையில கஜுவும் வரும். பச்சைக் கஜுப் பருப்பை முழுசாப் போட்டு வைக்கிற பாற்கறி எங்கட ஆக்கள் விசேசத்துக்கு வைக்கிறது, உடைச்ச பருப்பா வாங்கினாக் கரைச்சல் இல்லை. கொட்டையோட வாங்கி நீங்களே உடைக்கிறதெண்டா கையில தேங்காயெண்ணெய் பூசிக்கொள்ளுங்க, கோதில இருக்கிற எண்ணெய் தோலைச் சுட்டுப் புண்ணாக்கிரும், பிள்ளைய அந்தப் பக்கம் விடாதீங்க.

ஆனி, ஆடி, ஆவணி கச்சான் காத்துக் காலம். இலை குறையும், முத்தி நார் பிடிக்கும். கிணத்துத் தண்ணி இருக்கிற களுதாவளை மாதிரி மணல் ஊர்கள்ல கத்தரி, வெண்டி, பயித்தங்காய், கொச்சிக்காய் தொடர்ந்து வரும், அதை நம்பலாம். குளம் வத்த வத்த உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் பக்கத்துக் குளத்து மீன் மலியும், விராலும் திலாப்பியாவும். அதில சேத்து மணம் இருக்கும் எண்டு கனபேர் ஒதுக்குவாங்க, உப்பும் பழப்புளியும் போட்டு உரசிக் கழுவி கால் மணித்தியாலம் ஊற வச்சு, புளிக் கறியாவே வச்சா அந்த மணம் நல்லாக் குறையும், ஏனெண்டா அந்த மணத்தைக் குடுக்கிற பொருளைப் புளிப்பு உடைக்கும். கொட்டிக்கிழங்கு கிடைச்சா மண் போகக் கழுவி அவிச்சுத் தேங்காய்ப்பூவோட சாப்பிடுங்க. பாலைப்பழம், நாவல்பழம் பிள்ளைக்கு. மத்தியானம் அடுப்படியில நிக்க ஏலாத சூடு, அதனால விடியத்தில சமைச்சு முடிக்கிறதும், இரவுச் சோத்துக்குத் தண்ணி விட்டு வச்சு விடிய தயிர், சின்ன வெங்காயம், கொச்சிக்காய் போட்டுப் பழஞ்சோறாக் கரைச்சுக் குடிக்கிறதும் இந்தக் காலத்துப் பழக்கம். சோறு ஆறின கையோட தண்ணி விடணும், புளிச்ச மணம் வரலாம், வழுவழுப்பு வந்தா வெளியில கொட்டுங்க. ஒரு இரவுக்கு மேல வைக்க வேண்டாம்.

மரவள்ளி கிட்டத்தட்ட வருசம் முழுக்க இருக்கும், உங்களுக்குத் தெரிஞ்ச கிழங்குதான். அதில சயனைட்டை உண்டாக்கிற பொருள் இருக்கு, இது உறுதி. தோலைத் தடிப்பா உரிச்சு, துண்டு வெட்டித் தண்ணியில கொஞ்ச நேரம் போட்டு, மூடாமக் கொதிக்க வச்சு, அவிச்ச தண்ணிய ஊத்திரோணும், நீலக் கோடு ஓடின கிழங்கையும் கைக்கிற கிழங்கையும் சாப்பிடக் கூடாது, பச்சையாக் கடிக்கிறது அறவே கூடாது. இஞ்சியோட சேந்தா நஞ்சாகும் எண்டது இலங்கை முழுக்க இருக்கிற நம்பிக்கை, அதுக்கு உறுதியான விஞ்ஞான ஆதாரம் நான் காணயில்லை. நானும் மரவள்ளி அவிக்கிற அண்டைக்கு இஞ்சித் தேத்தண்ணி வைக்கிறதில்லை, அது எங்கட அம்மாட பழக்கம், அதை விட்டுக் குடுக்க எனக்கு மனமில்லை. ஆனா இஞ்சியத் தவிர்த்தாக் காணும் எண்டு நினைச்சு அரைகுறையா அவிக்கிறதுதான் பெரிய பிழை.

தேங்காய் விலை ஏறிற நேரத்தில எல்லாத்துக்கும் பால் விட்டுச் சமைக்க எல்லாராலயும் ஏலாது, அதனால ஒரு நாளைக்கு ஒரு பால் கறிக்கு மேல வேண்டாம் எண்டு வச்சுக்கொள்ளுங்க. பாற்கறி வைக்கிற அண்டைக்கு மற்றது பிரட்டலும் சம்பலும், சுண்டல் வைக்கிற அண்டைக்குப் புளியாணம். அரைத் தேங்காய்தான் செலவாகும். பால் பிழிஞ்ச சக்கையக் கூனியோட வறுத்து இடிச்சா அது ஒரு சம்பல்.

வாடகை வீடெண்டாலும் வேலியோரம் ஒரு முருங்கைக் கம்பை மாரிக்கு முன்னம் ஊண்டி விடுங்க, வளவுக்காரர் மறுக்க மாட்டார். ஒரு பழைய பேசினில வல்லாரை, ரெண்டு சாடியில கொச்சிக்காய், தண்ணி வடியிற இடத்தில ஒரு ரம்பை. இது ஒரு சின்னக் குடும்பத்துக்கு மாரி முழுக்கக் கைகுடுக்கும். முதல் கிழமை முருங்கை இலைச் சுண்டலையும் புளியாணத்தையும் மட்டும் பழகுங்க, ரெண்டாம் கிழமை பூசணிப் பாற்கறி, அதுக்குப் பிறகு இறாலுக்குப் போகலாம். நீங்க இருக்கிறது கல்லடிப் பக்கமா, செங்கலடிப் பக்கமா எண்டு எழுதினா, எந்தச் சந்தைக்கு எத்தனை மணிக்குப் போறது நல்லது எண்டு சொல்றன். மாமியாருக்கு உப்புக் குறைக்கச் சொல்லி இருந்தா அதையும் எழுதுங்க, கருவாட்டையும் கூனியையும் எப்பிடி ஊறவச்சு உப்பை எடுக்கிறது எண்டது தனியாச் சொல்ல வேண்டிய விசயம்.